சுண்ணாம்புக்கு அடியில் ஒருவர்

1

அன்று காலை இருந்தவர்கள்: செங்கொடி, வரலாற்று ஆய்வாளர். ஜானட் அக்கா, கல்லறைக்குச் சொந்தக்காரர். நான், பகலன், சுண்ணாம்பு அடிக்கிறவன். சுண்ணாம்புக்கு அடியில் ஒருவர். அவரைச் சேர்ப்பதா என்று குழப்பம்.

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. செங்கொடி என்னோடு எம்.ஏ. படித்தவள். நான் பாதியில் விட்டுவிட்டு எண்ணூர் கன்டெய்னர் யார்டில் இரவு வேலைக்குப் போனேன். அவள் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் யாருக்கும் அடிமையாக இல்லாமல் வாழ்ந்த ஆப்பிரிக்கர்களைத் தேடுகிறாள். கப்பல் சமையல்காரர்கள், மூட்டை தூக்கியவர்கள். பழைய ஏடுகளில் பதினேழு பெயர்கள் கிடைத்தன. ஒரு கல்லறைகூட இல்லை. "ராயபுரத்துல ஒண்ணு இருக்கு" என்று நான்தான் சொன்னேன்.

2

கடலோரத்தில் ஒரு கல்லறைத் தோட்டம்—

இல்லை. அங்கிருந்து கடல் தெரியாது. லாரிதான் தெரியும்.

கல்லறைத் திருநாளுக்கு முன்பு வருடாவருடம் ஜானட் அக்கா குடும்பத்து மூத்தவரின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பேன். பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். யாரும் சுரண்டுவதில்லை. பூச்சின் மேல் பூச்சு ஏறி எழுத்துகள் அடைத்துப்போயின.

(பொய். ஒரு வருடம் ஒரு மூலையைச் சுரண்டினேன். 'ஆபிரிக்கா' என்று படித்தேன். படித்ததாக நினைக்கிறேன். இரவு முழுக்க விழித்திருந்த கண்.)

3

அன்று காலை, சுரண்டும் தகட்டை எடுத்தேன். ஜானட் அக்கா என் கையைப் பிடித்தார்.

"இன்னாடா பகலா, யாரைக் கேட்டு? ஞாயித்துக்கெழம எம் பொண்ணு மகிழினிக்கு நிச்சயம். முடி இன்னாத்துக்கு இப்டி சுருண்டுகினு கீதுன்னு மாப்ள வூட்ல ஏற்கெனவே கேட்டானுங்க. கடல் காத்துன்னு சொல்லி வெச்சிகீறேன்."

"அவரு யாருக்கும் அடிமையா இல்லாதவருக்கா. பெருமைதானே?" என்றாள் செங்கொடி.

"பெருமைன்னா உன் தம்பிக்கு எம் பொண்ண எடுத்துக்கிறியா?"

செங்கொடிக்குத் தம்பி உண்டு.

இந்த இடத்தில் செங்கொடி மனம் மாறி— (அடித்துவிடுகிறேன். மாறினாளா, எனக்குத் தெரியாது.)

4

ஒரு முடிவு: சுரண்டுகிறோம், பெயர் கிடைக்கிறது, நிச்சயம் நின்றுபோகிறது. இன்னொன்று: சுண்ணாம்பு அடிக்கிறேன், கல்யாணம் நடக்கிறது, செங்கொடி வெறுங்கையோடு போகிறாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் ஜானட் அக்கா அழுகிறார். அன்று அவர் அழவில்லை.

கல்லின் மேல் கையை வைத்தார். "பேரு இன்னாவா இருக்கும்?" என்றார்.

தெரியாது என்றோம்.

"சாவியக் குடு. ரெண்டு பேரும் வெளிய போங்க."

காவலாளி என்னை நம்பித் தந்த தோட்டத்துக் கதவின் சாவி. கொடுத்தேன். சுண்ணாம்பு பிரஷும் தகடும் கல்மேலேயே கிடந்தன. எங்களுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டிக்கொண்டார்.