பேக்கரியில் இறங்கிய நாரைகள்

எங்கள் சந்தில் நாற்பத்தொரு வகை நீர்ப்பறவைகள் இருப்பதாக அரசாங்க வரைபடம் ஒன்று சொன்னது. குழாயில் ஒழுங்காகத் தண்ணீரே வராத சந்து இது. கொக்கு எங்கே நின்று மீன் பிடிக்கிறதாம், மாடித் தொட்டியிலா?

விஷயம் எதிர்வீட்டிலிருந்துதான் கிளம்பியது. எதிர்வீட்டு மருமகள் வட்டாரத் திட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். புருஷன் கப்பலில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு தரம் வருவான். அவளுக்கு என்ன வேலை என்று சந்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டரில் கட்டம் போடுகிறாள் என்று சொல்லிக்கொள்வோம். உண்மையும் கிட்டத்தட்ட அதுதான். வட்டாரம் முழுவதையும் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். எந்தச் சதுரத்தில் என்ன பறவை, என்ன தவளை, எங்கே குளம், எங்கே ரோடு என்று எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுத்தால், எந்த இடத்தை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று மென்பொருள் வரிசை போட்டுத் தரும். முதல் பன்னிரண்டு சதுரங்களுக்குப் பச்சை. பச்சை விழுந்த இடத்தில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. மற்றதெல்லாம் வெள்ளை, யார் கேட்கிறார்களோ அவர்களுக்குக் கொடுக்கலாம்.

கேட்கிறவர்கள் இல்லாமலா? பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சதுப்பு நிலம் கிடக்கிறது. வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று டிப்போக்காரர்கள் அதன்மேல் கண் வைத்து வெகு நாளாகிறது.

அந்தச் சதுப்புக்காகப் பேச இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. மருமகளின் மாமனார். தொலைபேசி இலாகாவில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். சந்தில் அவர் பெயர் கொக்கு சார். பறவை பார்ப்பதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அரை டிராயரில் அவருடைய கால்களைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் என்பது மற்றவர்களுக்குத் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மருமகள் அவரிடம் சொன்னாளாம்: "மாமா, அந்த இடத்தைப் பத்தி எங்ககிட்ட ஒரு பதிவும் இல்ல. பதிவு இல்லேன்னா மென்பொருளைப் பொறுத்தவரைக்கும் அங்க ஒரு ஈ காக்கா இல்ல. நீங்க பாக்கறதை எல்லாம் போன்ல போடுங்களேன்."

மனுஷர் பிடித்துக்கொண்டார். தினம் காலை ஆறு மணிக்குக் கிளம்புவார். சதுப்புக்குப் போக நாற்பது நிமிஷ நடை. அவருடைய மனைவிக்கு அதில் பரம சந்தோஷம். டாக்டர் நடக்கச் சொல்லி மூன்று வருஷம் கத்தியும் அசையாத ஆள், கொக்குக்காக நடக்கிறாரே! இவருக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்ட நாளிலிருந்து அந்த வீட்டில் இனிப்பு டப்பா அலமாரிக்கு மேலே போய், அங்கிருந்து பூட்டுக்குள் போய், கடைசியில் வீட்டை விட்டே போய்விட்டது.

இரண்டு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். மருமகள் மென்பொருளை ஓட்டினாள். சதுப்பு வெள்ளையாகவே இருந்தது. எங்கள் சந்து மட்டும் காடு மாதிரிப் பச்சையாக எழுந்து நின்றது.

"இடம்னு ஒரு கட்டம் இருந்துச்சே மாமா, நிரப்பலையா?"

"போனுக்கே தெரியும்ல? அதை வேற நான் எதுக்கு எழுதணும்?"

போனுக்குத் தெரியும்தான். பொத்தானை எங்கே இருந்து அழுத்தினாரோ அந்த இடம் தெரியும். இவர் சதுப்பில் பார்ப்பார், குட்டி நோட்டில் கிறுக்குவார், வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு நிதானமாகப் பதிவு செய்வார். சதுப்பில் நின்ற கொக்கெல்லாம் சோபாவில் வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

அலுவலகத்தில் மேலாளர் சிரித்துவிட்டு வழியும் சொன்னார். "மொத்தமா செலக்ட் பண்ணி சதுப்புக்குத் தள்ளிடும்மா. உங்க மாமனார்கிட்ட ஒரு கடுதாசி மட்டும் வாங்கிக்கோ, எல்லாம் அங்க பாத்ததுதான்னு. வியாழக்கிழமை கமிட்டியில வரைபடத்தை வைக்கணும்."

தள்ளிப் பார்த்தாள். சதுப்பு ஒன்பதாவது இடத்துக்கு வந்துவிட்டது. பச்சை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் எதையும் எடுப்பதற்கு முன் அடியில் என்ன இருக்கிறது என்று தூக்கிப் பார்க்கிற ரகம். வரைபடத்தைப் பெரிதாக்கினாள். புள்ளிகள் ஒரே குவியலாக இல்லை. வீட்டின்மேல் இருநூற்று எழுபத்து நான்கு. தெருமுனை பேக்கரியின்மேல் நூற்று முப்பத்தெட்டு.

பேக்கரி ஆறரைக்குத் திறக்கும். அந்தப் புள்ளிகள் எல்லாம் காலை ஆறே முக்காலுக்குள் விழுந்தவை. ஆறு மணிக்குக் கிளம்பிய மனுஷர், நாற்பது நிமிஷம் நடந்து, பறவை பார்த்து, திரும்ப நாற்பது நிமிஷம் நடந்து, ஆறே முக்காலுக்கு பேக்கரி பெஞ்சில் இருக்க வேண்டுமென்றால் அவருக்கும் இறக்கை முளைத்திருக்க வேண்டும். இன்னொன்றும் கவனித்தாள். வீட்டில் பதிந்த நாட்களில் ஏழு பறவை, எட்டுப் பறவை. பேக்கரி நாட்களில் பன்னிரண்டு, பதின்மூன்று. நாரை கூடு கட்டியதாக மூன்று பதிவு, மூன்றும் பேக்கரியில். கூட்டுக்கு மென்பொருளில் மதிப்பு அதிகம்.

அந்த நூற்று முப்பத்தெட்டை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். சதுப்பு பதினான்காவது. வெள்ளை.

இதெல்லாம் அவளே என்னிடம் பின்னால் சொன்னது. நான் கேட்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நானும் இருந்தேன். ஏன் இருந்தேன் என்பது கதைக்குத் தேவையில்லை. கொக்கு சார் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காய்ந்த துணிகளை உள்ளறையில் மடித்துக்கொண்டிருந்தார். மருமகள் வந்து இரண்டு தாள்களை மேஜையில் வைத்தாள். ஒன்றில், நானூற்றுப் பன்னிரண்டும் சதுப்பில் பார்த்தவை என்று அச்சடித்திருந்தது. இன்னொன்றில், இருநூற்று எழுபத்து நான்கு மட்டும் அங்கே பார்த்தவை, மீதியை நீக்கிவிடவும் என்று. எதில் கையெழுத்துப் போடச் சொல்கிறாள் என்று அவள் சொல்லவில்லை.

கொக்கு சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் படித்தார். டிவி சத்தத்தைக் குறைத்தார். உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"முட்டி வலிம்மா" என்றார் ரகசியமாக. "சில நாள் தெருமுனை வரைக்கும்தான் கால் வருது. பெஞ்சைப் பாத்ததும் உக்காந்துடுவேன்."

"அது சரி மாமா. பறவை?"

"நான் போகலேன்னா பறவை வராம போயிடுமா? அதுங்க அங்கதான் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். ஆனா நீங்க பாக்கலையே."

"இது என்ன கோர்ட்டா?"

"நாளைக்கு டிப்போக்காரங்க யாராவது நேரத்தைப் பாத்து கேட்டா, நான் என்ன சொல்லட்டும்? கூடு எங்கேன்னு கேட்டா யார் காட்டறது?"

"கேக்க மாட்டாங்க. உங்க ஆபீஸ்ல யாரு இவ்வளவு நுணுக்கமா பாக்கறா?"

"நான் பாக்கறேன்ல."

கொக்கு சார் தாள்களை இடம் மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். "இதை எடுத்துட்டா சதுப்பு?"

"பதினாலாவது."

"பன்னெண்டு வரைக்கும்தானே பச்சை?"

"ஆமா."

சதுப்பு போய்விடும் என்பது அவர் முகத்தில் இறங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் இரண்டாவது தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, கேட்காமலே, கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார். பேக்கரியில் உட்கார்ந்து எழுதியவை என்று. தலை நிமிர்ந்தபோது மனைவி மடித்த துணிகளோடு உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டுச் சுவர்கள் எவ்வளவு மெல்லியவை என்று எனக்குத் தெரிந்த மாதிரி கொக்கு சாருக்கும் தெரிய வேண்டாமா?

"நூத்து முப்பத்தெட்டு பன்னா தின்னீங்க?"

"ஐயோ, அது பறவைக் கணக்கு! நாள் வெறும் பதினொண்ணு."

"பதினொண்ணு பன்னு."

"சில நாள் ரெண்டு" என்றார் கொக்கு சார். கையெழுத்துப் போட்ட கையோடு உண்மை பேசுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது போலும்.

அன்று அந்த வீட்டில் அதற்குமேல் இருப்பது சரியில்லை என்று நான் கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை கமிட்டியில் மருமகள் கடிதத்தை அப்படியே வைத்தாள். மேலாளர் முகம் போன போக்கை அவள் நடித்தே காட்டினாள். டிப்போ சார்பில் வந்தவர், "அப்ப வெள்ளைதானே, முடிச்சிடலாமே" என்று எழுந்தேவிட்டாராம். அப்போது கமிட்டியில் இருந்த தவளை ஆராய்ச்சிக்கார அம்மாள் ஒரு கேள்வி கேட்டார்: "இது ஒண்ணு மாட்டிச்சு. மத்த பன்னெண்டையும் யாராவது பெரிசாக்கிப் பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. அங்கேயே திரையில் திறந்தார்கள். மூன்றாம் இடத்துச் சதுரம் ஒரு கல்லூரி கேன்டீன். விலங்கியல் மாணவர்கள் களப்பணி முடித்து வந்து உட்கார்ந்து பதியும் மேஜை. ஏழாம் இடம் பறவை பார்க்கும் யாரோ ஒரு மருத்துவருடைய கிளினிக். மேற்கொண்டு திறக்க மேலாளருக்கு மனம் வரவில்லை. திட்டம் ஆறு மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. இடம் எழுதாத பதிவு இனி செல்லாது. எந்தச் சதுரத்துக்கும் குறைந்தது இரண்டு பார்வையாளர்கள் வேண்டும். தொண்ணூறாயிரம் பதிவுகளையும் சரிபார்க்கும் வேலை யார் தலையில் விழுந்தது என்று கேட்க வேண்டியதில்லை. நேர்மைக்குக் கிடைத்த பரிசு. சதுப்பு பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. சாம்பல் நிறம். அந்த ஆறு மாதத்துக்கு டிப்போக்காரர்கள் தொட முடியாது.

"ரெண்டாவது ஆளுக்கு நான் எங்க போவேன்?" என்று கொக்கு சார் புலம்பிக்கொண்டிருந்தார். முட்டி வேறு.

அடுத்த திங்கட்கிழமை காலை நான் ஜன்னலைத் திறக்கும்போது எதிர்வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் ஏறியது அவர் மனைவி. காலில் புது ஷூ, கழுத்தில் பைனாகுலர். கொக்கு சாரிடம் முட்டி வலித் தைலம் மட்டும்தான் இருந்தது. சதுப்பில் பொத்தானை அழுத்தும்போது என்ன நடந்தது என்று மருமகள் சொல்லித்தான் தெரியும். கொக்கு சார், "நாரை மூணு, போடு" என்றாராம்.

"எங்க மூணு?"

"ரெண்டு நாணலுக்குப் பின்னாடி போச்சு. உனக்குத் தெரியல."

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு."

"இருக்கும்மா, நான் சொல்றேன்ல!"

"வெளிய வரட்டும், போடறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கரையில் உட்கார்ந்துகொண்டாராம். வீட்டுக்குத் திரும்பும்போது மணி பத்தரை. பதிவில் இரண்டு இருந்தது.