மூன்றரை மணி இரைச்சல்

தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் மனு வாங்கிய ஆவுடைநாயகம், ஓய்வு பெற்றபின் மனு கொடுக்கிற பக்கம் வந்துவிட்டார். ரேடியோ இரைகிறது என்று மின்வாரியத்துக்கு மூன்று மனு, நகலோடு. லைன்மேன் கம்பத்தில் ஏறிப் பார்த்து, கோளாறில்லை என்று இறங்கிவிட்டான்.

ரேடியோ மனைவி வடிவம்மாளுக்காக. சர்க்கரை வியாதியில் அவள் கண் போய் இரண்டு வருஷம். தினமும் மூன்றரைக்குப் பாட்டுப் போடுவார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் அவள் முகம் பழையபடி இருக்கும். பத்து நாளாக அந்த நேரம் பார்த்து ஒரே 'கொர்'. பிள்ளையில்லாத வீட்டில் இருந்த ஒரு துணையையும் எவனோ பிடுங்குகிறானே என்று அவருக்கு ஆத்திரம்.

அன்றைக்கு டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு தெருவிலேயே இறங்கிவிட்டார். இஸ்திரிக் கடைப் பக்கம் இரைச்சல் குறைந்தது. எதிர்வீட்டை நெருங்க நெருங்கக் கூடியது. வாசலில் காதைப் பிளந்தது. சண்டைக்குத் தயாராகக் கதவைத் தட்டினார்.

பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருந்த விஜயஸ்ரீ திறந்தாள். "பைய மாமா. இப்பத்தான் தூங்குதான்."

உள்ளே தொட்டில். மேலே மின்விசிறி மெல்லச் சுற்றியது. சுவரில் புதிதாக மாட்டிய சின்ன ரெகுலேட்டர். இரைச்சல் இதனால்தானோ என்று அவர் அதை முழுக்கத் திருப்பினார். விசிறி வேகமெடுத்தது, டிரான்சிஸ்டரில் பாட்டு தெளிவாக வந்தது. குளிர்காற்று பட்டுக் குழந்தை முகம் சுளித்துச் சிணுங்கியது. அவர் கை தானாகவே குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனது. கொர்.

வீட்டுக்கு வந்து ஸ்குரூ டிரைவரைத் தேடினார்.

"எதுக்குங்க?" என்றாள் வடிவம்மாள்.

விஷயத்தைச் சொன்னார். "நம்ம பழைய பெட்டி ரெகுலேட்டரைக் கழத்தி அங்கன மாட்டிட்டா இரைச்சல் இருக்காது வடிவு."

அந்தக் குழந்தையைப் பார்க்க வடிவம்மாள் இன்னும் போகவில்லை. பிள்ளை பெறாதவள் கண்ணு பட்டுது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். பார்வையே போனபிறகும் அந்தப் பயம் போகவில்லை.

"அப்ப இந்தச் சத்தம் கேட்டா அவன் தூங்குதான்னு அர்த்தமா?"

"ஆமா."

"அப்பம் மாத்தாதீங்க" என்றாள். ரேடியோவைத் தடவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"பைய பேசுங்க" என்றாள் வடிவம்மாள். "புள்ள முழிச்சுக்கிடுவான்."