மூன்றாவது ஓட்டு

வருடத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரர் வீட்டில் ஒரு தேர்தல் நடக்கும். அந்த வருடம் தியேட்டரில் பார்த்த படங்களில் எது முதல் படம் என்பதற்கான தேர்தல். ஒரு காலத்தில் மூன்று ஓட்டு இருந்தது. அவர், அவருடைய மனைவி, மனைவியின் தம்பி. மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போன பிறகும் தம்பி மட்டும் வந்துகொண்டிருந்தான். கட்டினவளே போய்விட்டாள், இனி மச்சினன் எதற்கு என்று கேட்பவர்கள் கேட்டார்கள். அவர் அதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை. அவனைச் சின்னவன் என்று கூப்பிட்டுப் பழகியவர், அவனுக்கு முப்பது வயதாகி, அவன் மருந்துக் கடை வைத்து, கல்யாணமும் செய்துகொண்ட பிறகும் சின்னவன் என்றுதான் கூப்பிட்டார்.

தேர்தலுக்கு விதிகள் உண்டு. ஆளுக்கு மூன்று படம். போனில் பார்த்த படம் செல்லாது. பாதியில் எழுந்து வந்த படமும் செல்லாது. வாதாடி ஒரே படத்துக்கு வந்து சேரும்வரை சாப்பாடு கிடையாது. இதில் பாதிப் பட விதி மனைவி கொண்டுவந்தது. அவரைக் குத்துவதற்கென்றே கொண்டுவந்தாள். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. லிஃப்ட் எங்காவது நின்றுவிட்டால், உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், அவருடைய போன்தான் அடிக்கும். தியேட்டரில் குனிந்தபடி வரிசையை விட்டு அவர் வெளியேறாத படம் குறைவு. "உங்களோட நான் பாத்ததெல்லாம் அரைப் படம்தான்" என்று போகிற அன்று சொன்னாள். சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சண்டை போடுவதற்காவது ஆள் வீட்டில் இருக்க வேண்டுமே.

இப்போது மேலதிகாரியிடம் சொல்லி, வாரத்தில் ஒரு மதியம் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அந்த மதியத்தில் போனை அணைத்துவிட்டுக் கடைசி வரிசை மூலையில் உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தார். இந்தப் புத்தி பத்து வருடம் முன்னால் வந்திருக்கலாம் என்று அவருக்கே தெரியும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

படம் பார்ப்பதில் அவருக்குக் கஷ்டமில்லை. முடிந்து வெளியே வருவதுதான் கஷ்டம். மதிய வெயில் முகத்தில் அடிக்க, படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே ஜோடி ஜோடியாகப் போகிறவர்களுக்கு நடுவே அவர் மட்டும் வாயை மூடிக்கொண்டு நடப்பார். சொல்ல நினைத்ததையெல்லாம் சின்னவனுக்காகச் சேர்த்து வைப்பார். லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து இரும்புக் கயிறுகளைச் சோதிக்கும்போது அந்த வாதங்களை முணுமுணுத்து ஒத்திகை பார்ப்பார். சுவருக்குள்ளிருந்து யாரோ பேசுவதைக் கேட்டு வராந்தாவில் நின்றவர்கள் திடுக்கிட்டதுண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வீட்டைக் கூட்டித் துடைத்தார். ஒற்றை அறை, ஒரு சமையலறை, சைக்கிள் கடைக்கு மேல்மாடி. மின்விசிறியின் இறக்கைகளைத் துணியால் துடைத்தார். மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துப் பிரித்துப் போட்டார். அது மற்ற நாளெல்லாம் கதவுக்குப் பின்னால்தான் கிடக்கும். சோறு வடித்து, முட்டை அவித்து, எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு ஜன்னலில் நின்றார்.

சின்னவன் தாமதமாகத்தான் வந்தான். கையில் ஆரஞ்சுப் பழப் பை. முகத்தில் அசடு வழிந்தது. வீட்டுக்காரியோடு சண்டையோ என்று நினைத்துக்கொண்டார்.

"என்ன மாமா, இப்படி இளைச்சுட்டீங்க?"

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. அப்படிப் பாத்தா நான் இந்நேரம் காத்துல பறந்திருக்கணும். உக்காரு. முதல்ல யாரு?"

"நீங்களே ஆரம்பிங்க."

ஆரம்பித்தார். நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன சரக்குக் கப்பல் படம். பஸ் டிரைவர் ஒருவர் தானே வாதாடும் கோர்ட் படம். கடைசியாக, சேர்த்து வைத்திருந்த பொக்கிஷம்: அக்காவும் தங்கையும் அம்மா விட்டுப்போன ரொட்டிக் கடையை விற்கும் படம்.

"கடையை வாங்கினவன் சாவிக்காக வெளியே நிக்கிறான். இவங்க ரெண்டு பேரும் உள்ளே கடைசி மாவைப் பிசையுறாங்க. ஒரு வார்த்தை பேசலடா. மாவு பிசையுற சத்தம் மட்டும்தான். நான் மூச்சு விட மறந்துட்டேன்."

"அழுகைப் படம்தானே?"

"அழவே விட மாட்டாங்க. அதுதான் படம். சரி, உன்னோடதைச் சொல்லு."

சின்னவன் ஒரு பேய்ப் படத்தைச் சொன்னான். அவர் கையை ஆட்டித் தள்ளினார். ஒரு போர்ப் படத்தைச் சொன்னான். "காது வலிச்சது, மனசு வலிக்கல" என்று அதையும் தள்ளினார். பிறகு பீரோ படத்தைச் சொன்னான். ஒரு குடும்பம் கல்யாணச் சீராக வந்த பீரோவை ஐந்தாம் மாடிக்கு ஏற்றுகிறது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் பீரோ சிக்கிக்கொள்கிறது. படம் முழுக்க அந்தப் படிக்கட்டுதான்.

"நான் பாக்கல. லிஃப்ட் இல்லாத கட்டடத்துப் படம் நமக்கெதுக்கு?"

"இப்படிப் பாக்காம விட்டுட்டீங்களே மாமா! நாங்க நாலு பேரும் போயிருந்தோம். மாப்பிள்ளை பீரோக்குள்ள மாட்டிக்கிற இடம் இருக்கே, அக்கா கண்ணுல தண்ணி வர சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. என் பொண்டாட்டி பாப்கார்னை அப்படியே கொட்டிட்டா. மாமா மட்டும்தான் சும்மா உக்காந்திருந்தாரு, அவருக்கு இந்த மாதிரி..."

சின்னவன் நிறுத்தினான்.

அந்த அறையில் மாமா என்று ஒருவர்தான் இருந்தார். அவர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை.

கீழே கடையில் யாரோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. சின்னவன் தலையைக் குனிந்து ஆரஞ்சுப் பையின் முடிச்சை இழுத்துக்கொண்டிருந்தான். அவர் எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்தார். குடிக்காமல் திரும்பக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"அவருக்கு ஏன் பிடிக்கல?" என்று கேட்டார்.

"மாமா..."

"படத்தைத்தான் கேக்கறேன். ஏன் பிடிக்கல?"

"கூச்சல் அதிகம்னாரு. அவருக்குச் சத்தம் ஆகாது."

"எப்ப நடந்தது?"

"ஆறு மாசமாச்சு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. யாரையும் கூப்பிடல. உங்க கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வழி பூரா ஒத்திகை பாத்துட்டு வந்தேன். கடைசியில வாய் இப்படி வழுக்கிடுச்சு."

"என்ன வேலை பாக்குறாரு?"

"ஸ்கூல்ல கணக்கு வாத்தியார்."

"நல்ல வேலை. மணி அடிச்சா வீட்டுக்கு வந்துடலாம்." கசப்பாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, விடை சரி என்று ஒப்புக்கொள்வதைப் போலச் சொன்னார். சற்றுப் பொறுத்து, "அவரையும் மாமான்னுதான் கூப்பிடறயா?" என்றார்.

"வேற எப்படிக் கூப்பிடறது? அக்கா வீட்டுக்காரர்."

"அதுவும் சரிதான். ஒரே உறையில ரெண்டு கத்தி." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப நான் யாருடா?"

கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்டதல்ல அது. சின்னவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க மாமா இல்லேன்னா நான் எதுக்கு ரெண்டு பஸ் மாறி வரேன்? என்னை முதல் முதல்ல தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனதே நீங்கதான். அதுவும் பாதியில என்னைத் தனியா உக்கார வெச்சுட்டு லிஃப்ட் பாக்கப் போயிட்டீங்க."

"திரும்பி வந்தேனே!"

"படம் முடிஞ்சு, வாட்ச்மேன் என்னை வெளியே விட்ட பிறகு வந்தீங்க."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் மூச்சு வந்தது. அவர் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். தீர்ப்பு வராமல் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கை கழுவும்போது கேட்டார்: "நீ இங்க வர்றது அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? போனதும் முதல் கேள்வியே, 'எது ஜெயிச்சது?'ன்னுதான். கேட்டுட்டு அந்தப் படத்தைத் தேடிப் பிடிச்சுப் பாத்துடுவா. போன வருஷத்தது மட்டும் பாக்கல. அப்ப வீடு மாத்திட்டு இருந்தா."

லிஃப்ட்காரர் குழாயை மூட மறந்து நின்றார். அவர் தனியாக உட்கார்ந்து பார்த்த படங்களை, பிறகு எங்கோ ஒரு அறையில் அவளும் உட்கார்ந்து முழுக்கப் பார்த்திருக்கிறாள். இது தெரிந்து இப்போது என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை. குழாயை மூடினார்.

"சரி, இப்ப எதுன்னு சொல்றது?" என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சின்னவன் கேட்டான்.

"இன்னும் முடிவாகலன்னு சொல்லு. பாக்காத படத்தை எப்படித் தோக்கடிக்கிறது? பாத்துட்டு போன் பண்றேன்."

பீரோ படம் ஊரில் ஒரே ஒரு தியேட்டரில், மதியக் காட்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தனக்கான அடுத்த மதியத்தில் போனார். சிரிக்கக் கூடாது என்ற வைராக்கியத்தோடுதான் உட்கார்ந்தார். பத்து நிமிடம் தாக்குப் பிடித்தார். அதற்குள் படத்தில் வந்த ஒரு சித்தப்பா, பீரோவைத் தூக்காமல் தூக்குபவர்களுக்கு யோசனை மட்டும் சொல்லிக்கொண்டு படியேறினார். அந்த ஆளை அவர் எல்லாக் கட்டடத்திலும் பார்த்திருக்கிறார். சிரித்துவிட்டார்.

மாப்பிள்ளை பீரோவுக்குள் மாட்டிக்கொள்ளும் இடம் வந்தது. இருந்த கொஞ்சம் பேரும் கூரை அதிரச் சிரித்தார்கள். இங்கேதான் அவள் சிரித்திருக்கிறாள் என்று நினைத்தபோது, அவள் சிரிக்கும் சத்தத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தார். வரவில்லை. அவள் அழுதது ஞாபகம் இருந்தது, கோபத்தில் தட்டை நகர்த்தும் சத்தம் ஞாபகம் இருந்தது. சிரிப்பு மட்டும் எங்கே போனதோ. சிரித்த நேரங்களிலெல்லாம் தான் வேறு எங்காவது ஒரு மொட்டை மாடி லிஃப்ட் மெஷின் அறையில் இருந்திருக்க வேண்டும். திரையில் பீரோவுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. அவரும் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சிரித்தார். முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்து, வெயிலுக்குச் சுவரோரம் ஒதுங்கி நின்று சின்னவனுக்குப் போன் செய்தார்.

"பீரோதான்டா."

"மனசாரவா? எனக்காக விட்டுக் கொடுக்காதீங்க மாமா."

"ரொட்டிக் கடைதான் ஒசந்த படம். ஆனா வருஷம் பூரா என்னைச் சிரிக்க வெச்சது இது ஒண்ணுதான். வாயைத் திறந்து சிரிச்சுட்டு, எதிர்த்து ஓட்டு போட முடியுமா?"

"அப்ப அக்கா கிட்ட பீரோன்னு சொல்லிடறேன்."

"வேணாம்." ஒரு பஸ் கடந்து போகும்வரை காத்திருந்தார். "அவதான் அதை ஏற்கெனவே பாத்துட்டாளே. ரொட்டிக் கடைன்னு சொல்லு."

மறுபக்கம் மருந்துக் கடை இரைச்சல் கேட்டது. யாரோ இருமல் மருந்து கேட்டார்கள்.

"சரி மாமா" என்றான் சின்னவன்.

போனை வைத்த கையோடு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது, உள்ளே ஒரு அம்மா, பக்கத்தில் வேறு மெக்கானிக் இல்லை. லீவு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் மட்டும் என்ன செய்யப் போகிறார்?

மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஏறி, மெயின் சுவிட்சை அணைத்தார். லிஃப்டுக்குள் இருப்பவரோடு பேசும் கருவியை எடுத்தார்.

"அம்மா, நான் மெக்கானிக் வந்துட்டேன். பயப்படாதீங்க. கையால சக்கரத்தைச் சுத்திக் கீழ இறக்கப் போறேன். மெதுவாத்தான் வரும்."

"எனக்கு மூச்சு முட்டுதுப்பா." குரல் நடுங்கியது.

"காத்து வரும்மா, அதுக்கு ஓட்டை வெச்சிருக்கோம். என் கூடப் பேசிக்கிட்டே இருங்க." என்ன பேசச் சொல்வது? வாயில் வந்ததைக் கேட்டார். "இந்த வருஷம் பாத்ததுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச படம் எது?"

"படமா?" அந்த அம்மா திகைத்துப் போனது கேட்டது. பிறகு, "ஒண்ணு பாத்தேன். பேரு வாயில வரல" என்று தொடங்கினாள். கருவியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் பிரேக்கைத் தளர்த்தி, மறு கையால் சக்கரத்தைச் சுற்றினார். படத்தில் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்யும் ஒரு பெண். அவளுடைய மாமியார் ஊமையில்லை, ஆனால் பேசமாட்டாள். ஏன் பேசமாட்டாள் என்பதுதான் கதை. அந்த அம்மாவின் குரலில் நடுக்கம் குறைந்து சூடு ஏறியது. "அந்த மாமியார் ஒரு நாள் பஸ்ஸுல யாரோ ஒரு ஆளோட பேசிட்டு வர்றதை மருமக பாத்துடறா பாருங்க..." என்று அவள் சொல்லும்போது பெட்டி தளத்துக்குச் சமமாக வந்து சேர்ந்தது. இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியிருக்கலாமோ என்று அவருக்குத் தோன்றியது.

இறங்கிப் போய்ச் சாவி போட்டுக் கதவைத் திறந்தார். மகளும் பேரனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பாய்ந்து வந்து அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், விசிறினார்கள், கூட்டமாக வீட்டுக்குள் அழைத்துப் போனார்கள். அவள் அவர் பக்கம் திரும்பி ஏதோ நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

சரி செய்த பிறகு ஏற்றி இறக்கிப் பார்க்காமல் போக முடியாது. தனியாக உள்ளே நின்று ஆறாம் மாடிவரை எல்லாப் பொத்தானையும் அழுத்தினார். ஒவ்வொரு தளத்திலும் கதவு திறந்து, ஆளில்லாத வராந்தாவைக் காட்டிவிட்டு மூடியது. அந்த மாமியார் பஸ்ஸில் யாரோடு பேசினாள்? பெயர் தெரியாத படத்தை எந்தத் தியேட்டரில் போய்த் தேடுவது? தபால் பிரிக்கும் பெண் என்று சொன்னால் டிக்கெட் கொடுப்பவருக்குத் தெரியலாம். அடுத்த வருடத் தேர்தலுக்காகப் பார்க்கப் போகும் முதல் படம் இதுதான் என்று முடிவு செய்துகொண்டு, கீழ்த்தளத்துக்கு அழுத்தினார்.