நாற்பத்தொன்றாவது நாற்காலி

எங்கள் சலவைக்கூடத்தில் பெரிய மெஷின் என்றால் அது தேய்க்கிற மெஷின்தான். ஈரமான படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு பெண்கள் பிடித்து உருளைகளுக்கு நடுவே கொடுப்பார்கள். அது சூட்டில் வெந்து, மடிப்பெல்லாம் போய், அந்தப் பக்கம் தட்டையாக வந்து விழும். விரிப்பு உள்ளே போகும் இடத்துக்குக் குறுக்கே மெல்லியதாக ஒரு கம்பி உண்டு. விரல் அதில் லேசாகப் பட்டாலே போதும், மெஷின் நின்றுவிடும். காவல் கம்பி என்போம்.

அந்தக் கம்பிக்கு விரல் எது, துணி எது என்று தெரியாது. விரிப்பின் தடித்த ஓரம் பட்டாலும் நிறுத்திவிடும். மெஷின் நின்றால் உள்ளே மாட்டிய விரிப்பில் மஞ்சளாக ஒரு பட்டை விழும். அதை மறுபடியும் துவைக்க வேண்டும். நான் சூப்பர்வைசர் ஆன பிறகு அந்த மஞ்சள் பட்டைகளுக்கெல்லாம் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மேனேஜர் தினமும் காலையில் ஒரு விரிப்பைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன, உலக மேப்பா?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒருநாள் பழைய விரிப்பு ஒன்றிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து, காவல் கம்பியை மேலே தூக்கி இறுக்கிக் கட்டிவிட்டேன். அதற்கப்புறம் மெஷின் நிற்கவே இல்லை. மேனேஜர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

எச்சரிக்கை வராமல் இல்லை. முதலில் சொன்னவர் மெக்கானிக். உடம்பெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு திரியும் மனிதர். கம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, இன்னுமா மெஷினுக்குக் கண்ணக் கட்டி வெச்சிருக்க?"

"ஒரு வாரந்தாண்ணே. அவசர ஆர்டர்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. உன் வாரத்துக்கு எத்தன நாளு?"

வீட்டில் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நான் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்: "அந்தத் துணிய அவுத்துட்டீங்களா?" மூன்றாம் வாரம், "நீ என்ன இன்ஸ்பெக்டரா?" என்று எரிந்து விழுந்தேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்ப்பதோடு சரி.

மூன்றாவதாகச் சொன்னது பாட்டக்கா. மெஷினில் விரிப்பு கொடுக்கும்போது வாய்க்குள்ளேயே ஜெபப் பாட்டு முணுமுணுப்பதால் அவருக்கு அந்தப் பெயர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. நானும் அவரும் ஒரே ஜெப வீட்டுக்குப் போனவர்கள். போனவர்கள் என்றால், அவர் போய்க்கொண்டே இருந்தார், நான் நின்றுவிட்டேன். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலி போடுவது என் வேலையாக இருந்தது. சூப்பர்வைசர் ஆனதும் முதல் சில ஞாயிறுகள் வேலை இருந்தது. பிறகு வேலை இல்லாத ஞாயிறுகளிலும் வேலை இருப்பதாகச் சொன்னேன். இரண்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

"தம்பி, இது வேண்டாம். கை உள்ள போற மாதிரி இருக்கு, பயமா இருக்கு" என்றார் பாட்டக்கா.

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். எனக்கு ஒரு குஷி. "நீங்கதான் நாள் பூரா பாடறீங்களே அக்கா. உங்க ஆண்டவர் கையப் பிடிச்சுக்க மாட்டாரா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பாட்டக்காவும் கொஞ்சம் சிரித்தார், எனக்காக. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

துணி நாலு மாதம் கட்டியபடியே இருந்தது. ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்த முதல் மணி நேரம். விரிப்புக்குள் ஒரு தலையணை உறை சுருண்டு மாட்டியிருந்தது. பாட்டக்கா அதை உருவப் போனார். நான் பத்தடி தள்ளி நின்று மடித்த விரிப்புக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பாட்டு நின்றதைத்தான் முதலில் கேட்டேன். அதற்குப் பிறகுதான் அலறல்.

சிவப்புப் பொத்தானை அடித்தது நான்தான். மெக்கானிக் ஓடிவந்து உருளையைத் தூக்கினார். வலது கையில் இரண்டு விரல்கள். அதற்கு மேல் எழுத எனக்குத் தைரியமில்லை.

அவரை வண்டியில் ஏற்றினார்கள். எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் தனியாக நின்றேன். மேனேஜர் படியிறங்கி வரும் சத்தம் கேட்டது. அந்தத் துணியை அவிழ்க்கப் போனேன். நாலு மாதச் சூட்டில் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகத்துக்கு வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தேன். வாயெல்லாம் சோப்புக் கசப்பு. முடிச்சு விட்டது. கம்பி தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. துணியைப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

"எப்படி ஆச்சு?" என்றார் மேனேஜர்.

"கவனிக்கல சார். பாட்டு ஞாபகத்துல இருந்திருப்பாங்க."

விபத்து அறிக்கையிலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், தொழிலாளியின் கவனக்குறைவு. அப்படி எழுதினால் பாட்டக்காவைத் திரும்ப வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். மெக்கானிக் கம்பியையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். "உன் வாயாலயே சொல்லிடு. திங்கட்கிழமை வரைக்கும் பாக்கறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் கிண்டல் பண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் மனைவி என் கால்சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையிலிருந்து அந்தக் கீற்றை உருவி, விரலில் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். முடிச்சு இருந்த இடத்தில் என் பல் தடம் அப்படியே இருந்தது.

"இது நம்ம வீட்டுத் துணி இல்லையே" என்றாள்.

அவள் அதைத் துவைக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. நாலாக மடித்து, என் கைக்கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "அக்காவ ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். போய்ப் பாத்துட்டு வாங்க."

"அடுத்த வாரம் போறேன்."

"நாளைக்கு போங்க. நான் வரல. நான் வந்தா நீங்க என் பின்னால நின்னுக்குவீங்க."

மறுநாள் போனேன். போகிற வழியெல்லாம் அவர் கத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெளியே போ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பி வந்துவிடலாம். பாட்டக்கா ஒரு கையால் பாலைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். வலது கை தலையணை அளவுக்குக் கட்டுப் போட்டிருந்தது.

"வாங்க தம்பி. உக்காருங்க. நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். ஒரு உதவி செய்வீங்களா?"

"சொல்லுங்க அக்கா."

"நாளைக்கு ஜெப வீட்டுல நாற்காலி போடணும். நீங்க விட்டதிலேருந்து நான்தான் போட்டுக்கிட்டு வர்றேன். இந்த ஒத்தக் கைய வெச்சுக்கிட்டு எப்படிப் போடறது? சீக்கிரம் போய்ப் போட்டுட்டு, உங்களுக்கு வேல இருந்தா கிளம்பிடுங்க. சாவி இந்தாங்க."

விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு எழுந்தேன். பால் குடிக்கச் சொன்னார். குடித்தேன். இன்னொரு டம்ளரில் தனக்கு ஊற்றினார். கை நடுங்கிக் கொஞ்சம் சிந்தியது. "இடது கைக்கு இன்னும் பழகல. புதுசா வேலைக்குச் சேந்த பிள்ள மாதிரி முழிக்குது" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

ஞாயிறு விடிந்ததும் போனேன். யாரும் வருவதற்குள் முடித்துவிட்டு ஓடிவிடுவதுதான் என் திட்டம். கதவைத் திறந்ததும் அதே பழைய வாசனை, மெழுகும் தரை துடைத்த ஈரமும். நாற்காலிகள் மூலையில் அடுக்கியிருந்தன. வரிசைக்கு எட்டு, ஐந்து வரிசை. என் கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கால் ஆடும் நாற்காலியைச் சுவரோரம் போட வேண்டும் என்பதுகூட. எனக்குத்தான் அந்த இடத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடியே நாற்பது நாற்காலியும் போட்டேன்.

மூலையில் ஒன்று மிச்சம் இருந்தது. கைப்பிடி உடைந்து, கயிறு சுற்றிய நாற்காலி. அப்போது பாட்டக்கா உள்ளே வந்தார்.

"அதையும் போடுங்க தம்பி. கடைசி வரிசைக்குப் பின்னால, கதவுப் பக்கம்."

"நாப்பது பேர்தானே அக்கா வருவாங்க?"

"அது உங்க நாற்காலி. ரெண்டு வருஷமா போட்டுட்டுதான் வர்றேன். சில நாள் யாராவது அதுல குடைய வெப்பாங்க. எடுங்கய்யா, ஆள் வரும்னு சொல்லுவேன். என்னப் பாத்து சிரிப்பாங்க."

நாற்காலியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். நூறு ஞாயிறு. அதில் பதினாறு பதினேழு ஞாயிறு, அந்தத் துணி கம்பியில் கட்டியிருக்கும்போது. நான் பரிகாசம் பண்ணிய அந்தக் கையே எனக்கு நாற்காலி போட்டிருக்கிறது.

"அக்கா, கம்பிய..." என்று ஆரம்பித்தேன். "நான் அந்தத் துணிய அவுத்து ஒளிச்சுட்டேன். உங்க கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? கை மாட்டினப்ப அது எனக்கு மேலதான தொங்கிக்கிட்டிருந்துச்சு. என் கவனக்குறைவுன்னு எழுதியிருக்குன்னதும் புரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். "நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன் தம்பி. வியாழக்கிழமை சொல்லுவீங்கன்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமையும் நெனச்சேன். கோவமே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். வலி எழும்பறப்பல்லாம் உங்க மேல கோவம் வருது. வலி இறங்கினதும் உங்களுக்காக ஜெபம் பண்றேன். நாள் பூரா இதே வேலையாப் போச்சு."

நான் அழுதேன். அழகாக இல்லை, மூக்கு ஒழுக அழுதேன். அவர் இடது கையால் முந்தானையை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டி, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நான் ஓடவில்லை. கதவோரம் அந்த உடைந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லோரும் பாடினார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. ஆண்டவரே என்று ஒரு சொல் மட்டும் உள்ளுக்குள் வந்தது. அதற்கு அடுத்த சொல் கிடைக்கவில்லை. மெக்கானிக்கின் வாயாலும், மனைவியின் வாயாலும், பாட்டக்காவின் வாயாலும் என்னிடம் பேசியவர் அவர்தான் என்பது அப்போது புரிந்தது. நாலு மாதம் பொறுமையாகப் பேசியிருக்கிறார். நான்தான் அவருடைய எச்சரிப்பையும் அந்தக் கம்பியோடு சேர்த்துத் தூக்கிக் கட்டியிருந்தேன். ஆனாலும் என் நாற்காலியை அவர் எடுத்துவிடவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போய் அந்தத் துணிக் கீற்றை மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பல் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா இருந்திருக்கலாமேய்யா. யாருக்குத் தெரியும்?"

"அக்காவுக்குத் தெரியும் சார். அவருக்கும் தெரியும்."

மேனேஜர் திரும்பிக் கதவைப் பார்த்தார். "எவருக்கு?" நான் ஆண்டவரைச் சொன்னது அவருக்குப் புரியவில்லை.

நான் எழுதிக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கி, அந்த ஒரு வரியை அடித்துவிட்டு உண்மையை எழுதினேன். அன்றோடு சூப்பர்வைசர் வேலை போயிற்று. வேலையை விட்டு அனுப்பாதது மேனேஜருடைய இரக்கம்.

மூன்று மாதம் கழித்துப் பாட்டக்கா திரும்பி வந்தார். மடிக்கும் மேசையில் போட்டார்கள். இப்போது பெரிய மெஷினில் விரிப்பு கொடுப்பது நான். கம்பியில் துணியோரம் பட்டு மெஷின் அடிக்கடி நிற்கிறது. மஞ்சள் பட்டை விழுந்த விரிப்பை நானே சுமந்து திரும்பத் துவைக்கப் போடுகிறேன். ஒவ்வொரு தடவையும் மடிக்கும் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் எட்டு விரலால் உறைகளை மடித்துக்கொண்டிருப்பார். எனக்குத் தலை தானாகக் குனியும்.

"இன்னைக்கு எத்தன தம்பி?" என்று கேட்பார்.

"ஏழு அக்கா."

"நிக்கட்டும், நிக்கட்டும்" என்பார். விட்ட இடத்திலிருந்து பாட்டை மறுபடியும் முணுமுணுக்கத் தொடங்குவார்.