விழ வைத்த ரைட்டோ

சூப்பர் மார்க்கெட்டின் பால் வரிசையில் கொரின் ஹாடோ மல்லாந்து கிடந்தாள். உடைந்த தயிர் டப்பா ஒன்று காதுக்குப் பக்கத்தில் வழிந்துகொண்டிருந்தது. இரண்டடி தள்ளி நின்று வாலை ஆட்டியது கிரேவி. ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்ட முகம். பிஸ்கட் எங்கே என்று கேட்கிற முகம்.

ஃபோர்க்லிஃப்ட் விபத்தில் முதுகுத்தண்டு நசுங்கி, இடது கால் பாதி செத்துப்போனவள் கொரின். குனிந்தால் நிமிரவும், மண்டியிட்டால் எழவும் அவளுக்கு இருந்த ஒரே துணை அந்தப் பழுப்பு நிற லாப்ரடார். அதன் தோள்பட்டையில் விறைப்பான கைப்பிடியோடு ஒரு வார்ப்பட்டை. ‘தாங்கு’ என்றால் நாலு காலையும் ஊன்றித் தூணாக நிற்க வேண்டும். ‘போதும்’ என்று அவள் சொல்லும்வரை அசையக் கூடாது. அவள் சொல்லவே இல்லை. கல்லாப்பெட்டிப் பெண் யாருக்கோ பாக்கி கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள், கொரின் பாதி எழுந்திருந்தாள், கிரேவி சாவகாசமாக விலகி நடந்துவிட்டது.

கூட வந்திருந்த நாய்ப் பயிற்சியாளன் கிளைவ் ஓடி வந்தான். அவளைத் தூக்கும்போதே தீர்ப்பையும் சொல்லிவிட்டான். தோளுக்கு மேல் அழுத்தாமல் நடுமுதுகில் பாரத்தைப் போட்டிருக்கிறாள், வலி தாங்காமல் நாய் விலகிவிட்டது என்றான். தோளில்தான் அழுத்தினேன் என்றாள் கொரின். அவன் குழந்தையைத் தட்டுவதுபோல் அவள் முதுகைத் தட்டினான்.

“நாயைக் குத்தம் சொல்லாத, கொரின். தப்பு உன் கையில. போர்ட் அகஸ்டா லயனலும் இப்படித்தான் சாதிச்சாரு. அப்புறம் அவரே ஒத்துக்கிட்டாரு.”

லயனலை அவளுக்குத் தெரியும். போன குளிர்காலத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். நாய்க்கு நான் லாயக்கில்லை என்று சொல்லி, கிளைவ் பழக்கிய தன் நாயைத் திருப்பிக் கொடுத்துவிட்ட மனிதர்.

வியாழக்கிழமை அடிலெய்டிலிருந்து பரிசோதகர் வருகிறார் என்று நினைவுபடுத்தினான் கிளைவ். அன்றைக்கும் இப்படி நடந்தால் கிரேவியைப் பயிற்சி மையத்துக்கே ஓட்டிப் போக வேண்டியதுதான். வரிசையில் வேறு ஆள் காத்திருக்கிறார்.

கொரின் நாயின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பேசினால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். கிரேவி போய்விட்டால் வயாலாவில் தனியாக ஒரு நாள் கூட அவளால் ஓட்ட முடியாது. அக்கா வீட்டுப் பின்னறை, அக்கா புருஷனின் முணுமுணுப்பு, குளியலறைக்குப் போகக்கூட ஒருத்தரைக் கூப்பிட வேண்டிய பிழைப்பு. அதை அவள் ஒருமுறை வாழ்ந்து பார்த்தாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பின்முற்றத்துப் புல்லில் மண்டியிட்டாள். “தாங்கு.”

நின்றது கிரேவி. தோளில் அழுத்தினாள், அசையவில்லை. வேண்டுமென்றே நடுமுதுகில் லேசாகக் கையை வைத்தாள், அசையவில்லை. குப்பைத்தொட்டி மூடியை எடுத்துத் தூர எறிந்தாள். காது மட்டும் திரும்பியது. அந்த நாய் சுவர். பிறகு ஏன்?

வேலிக்கு அந்தப் பக்கம் மெர்வ் ஃபோனில் இருந்தார். இரும்பாலையில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், ஊர் வம்பையெல்லாம் உரக்கப் பேசித் தீர்ப்பவர். பேச்சை முடித்துக்கொண்டு, “ரைட்டோ” என்று ஃபோனை வைத்தார்.

கிரேவி விலகியது. கொரின் முகம் குப்புறப் புல்லில் விழுந்தாள்.

“என்ன கண்ணு, தரையில ஏதாச்சும் தொலைச்சிட்டியா?” என்று வேலிமேல் தலையை நீட்டினார் மெர்வ்.

“இப்ப என்ன சொன்னீங்க?”

“தரையில ஏதாச்சும்...”

“அதுக்கு முன்னாடி. ஃபோன்ல.”

மெர்வ் யோசித்தார். அந்த ஊரில் சரி என்பதற்கும், வருகிறேன் என்பதற்கும், போதும் நிறுத்து என்பதற்கும் ரைட்டோ என்ற ஒரே சொல்தான். மூச்சு விடுவதுபோல் சொல்வார்கள். சொன்னதே ஞாபகம் இருக்காது. அவருக்கு அது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. பிடிபட்டதும் மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னார். கிரேவி மறுபடி விலகி, பிஸ்கட்டுக்காக அவள் முகத்தைப் பார்த்தது.

கொரினுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கண்ணை மூடினால் கிளைவின் ஒவ்வொரு வகுப்பும் தெரிந்தது. நாய் தாங்கி நிற்கும். அவன் பையில் கைவிட்டுப் பிஸ்கட்டை எடுத்தபடி, “ரைட்டோ... போதும்” என்பான். எப்போதும் முதலில் அது, பிறகு இது. நாய் முதல் சொல்லையே பிடித்துக்கொண்டது. கல்லாப்பெட்டிப் பெண்ணும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அப்படியானால் லயனலின் இடுப்பு?

உடனே கிளைவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் சிரித்தான். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதே இல்லையாம். விழுந்தவர்கள் எல்லாருமே ஒரு காரணம் கண்டுபிடிப்பார்களாம்.

“ரைட்டோ, வியாழக்கிழமை பாப்போம்,” என்று வைத்துவிட்டான்.

கொரின் ஃபோனைச் சுவரில் எறியவில்லை. எறிந்தால் புதிது வாங்க வேண்டும்.

மறுநாளிலிருந்து அவள் முற்றம் ரைட்டோ தொழிற்சாலை ஆனது. அந்தச் சொல் காதில் விழும்போது கிரேவி நின்றால் சாசேஜ் துண்டு. விலகினால் ஒன்றும் கிடையாது, திட்டும் கிடையாது. மெர்வ் சொன்னார். அவரோடு புல்தரையில் பந்துருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப் கிழவர்கள் வேலியோரம் வரிசையாக நின்று, பாட்டாகவும் கெஞ்சலாகவும் கெட்ட வார்த்தையோடு சேர்த்தும் சொன்னார்கள். ஒருமுறை ஆத்திரம் மண்டைக்கேறிக் கொரின் கத்திவிட்டாள். கிரேவி வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. அன்று மாலை வரை அவள் அதனிடம் ஒரு கட்டளையும் சொல்லவில்லை. கோபம் இதன்மேல் அல்ல என்று கைகளுக்குப் புரிய வைக்க அவ்வளவு நேரம் பிடித்தது.

புதன்கிழமை கிளைவ் வாசலில் வந்து நின்றான். குரலில் பழைய சிரிப்பு இல்லை. மையத்தில் இருக்கும் நாய்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்திருப்பான் போலும்.

“நாளைக்கு டெஸ்ட் எடுக்க வர்ற எஃபி கிட்ட அந்த விஷயத்தை எடுக்காத. கிரேவி உனக்குத்தான், நான் பாத்துக்கறேன். எனக்கும் இந்த ஊர்ல பேரு இருக்குல்ல.”

“அப்ப லயனல்?”

“முடிஞ்சதைக் கிளறி என்னம்மா ஆகப்போகுது? உன் நாய் உனக்கு வேணுமா வேண்டாமா?”

வேண்டும். உயிரே போனாலும் வேண்டும். அதனால்தான், சரி என்று வாயில் வந்துவிடுவதற்குள் கதவைச் சாத்தினாள்.

வியாழக்கிழமை, வணிக வளாகம். பரிசோதகர் எஃபி குட்டையான பெண். நாயையே பார்த்தாள், மனிதர்களைப் பார்க்கவில்லை. கிரேவி சாவியைப் பொறுக்கிக் கொடுத்தது, கதவைத் திறந்தது, உருளைக்கிழங்கு வறுவல் சிந்திய இடத்தை முகராமல் கடந்தது. கொரின் மண்டியிட்டாள், “தாங்கு” என்றாள், எழுந்தாள். கிளைவ் தூரத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்தினான்.

தேறிவிட்டது என்று சொல்ல எஃபி வாயெடுத்தாள்.

இப்போது வாயை மூடிக்கொண்டால் போதும். நாயோடு வீட்டுக்குப் போய்விடலாம். கொரினுக்கு அந்த உயர்ந்த கட்டைவிரல்தான் கண்ணில் பட்டது.

“ஒரு நிமிஷம்,” என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

கிளைவ் சிரித்து மழுப்பினான். கற்பனை என்றான், பாவம் மன அழுத்தம் என்றான். அவன் வேனில் இன்னொரு நாய் இருப்பதை வந்த உடனே பார்த்து வைத்திருந்தாள் கொரின். டச்சஸ், அடுத்த மாதம் யாருக்கோ போகப்போகிறது.

“அதைக் கொண்டு வா. நீயே மண்டி போடு. நீயே சாஞ்சு எந்திரி. கற்பனைதானே, உனக்கென்ன பயம்?”

முதன்முறையாக அவனை அவள் ‘நீ’ என்று ஒருமையில் கூப்பிட்டதை விட, எஃபி வேனைத் திரும்பிப் பார்த்ததுதான் அவனை நகர்த்தியது. டச்சஸ் வந்தது. கிளைவ் மண்டியிட்டான், “தாங்கு” என்றான், முழு பாரத்தையும் கைப்பிடியில் போட்டு எழத் தொடங்கினான்.

“ரைட்டோ,” என்றாள் கொரின், மெதுவாக, கடைக்காரி சொல்வதுபோல.

டச்சஸ் அழகாக விலகியது. கிளைவ் பக்கவாட்டில் சரிந்து, பூந்தொட்டியின் விளிம்பில் முழங்கை மோத, தரையில் விழுந்தான். டச்சஸ் குனிந்து அவன் பையை முகர்ந்தது.

யாரும் சிரிக்கவில்லை. எஃபியின் முகம் வெளுத்திருந்தது.

“இவர் கையில வளர்ந்த எந்த நாயையும் இன்னிக்கு நான் தேர்ச்சின்னு சொல்ல முடியாது, கொரின். உங்களோடதையும் சேத்துத்தான்.”

 இப்படி ஆகலாம் என்று தெரிந்துதான் கொரின் வாயைத் திறந்திருந்தாள். கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

“அப்ப இங்கயே சோதிங்க. நீங்களே சொல்லுங்க. எத்தனை வாட்டி வேணும்னாலும்.”

மறுபடி மண்டியிட்டாள். எஃபி சொன்னாள். பின்னாலிருந்து சொன்னாள், கிரேவியின் காதருகே சொன்னாள், பிஸ்கட்டை மூக்கின்கீழ் நீட்டியபடி சொன்னாள். வழியில் போன இரண்டு பேரை நிறுத்திச் சொல்லச் சொன்னாள். கிரேவிக்கு எச்சில் ஒழுகியது. பாதங்கள் நகரவில்லை. கொரின் அதன் தோளில் முழு உடம்பையும் சாய்த்து எழுந்து நின்று, பிறகே “போதும்” என்றாள்.

எஃபி தலையசைத்தாள். கிரேவி கொரினோடு இருக்கலாம் என்றாள். கிளைவ் பழக்கிக் கொடுத்த மற்ற நாய்கள் எல்லாம் இன்றே மையத்துக்குத் திரும்ப வேண்டும் என்றாள்.

முழங்கையைத் தேய்த்துக்கொண்டு கிளைவ் கிட்டே வந்தான். கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, பழக்கதோஷம் என்றான். அது உண்மையாகவே இருக்கலாம். நேற்று வாசலில் வந்து நின்றது எந்தப் பழக்கம் என்று கொரின் கேட்டாள்.  கேட்டுவிட்டுக் கிரேவியோடு நடந்தாள்.

வளாகத்து வாசலில் உட்கார்ந்து லயனலின் எண்ணைப் போட்டாள்.  வெகுநேரம் மணி அடித்த பிறகு, மெலிந்த ஒரு குரல் ஹலோ என்றது.

“லயனல், வயாலாவிலிருந்து கொரின் பேசறேன். நீங்க விழுந்தீங்களே, அன்னிக்கு உங்க கை சரியான இடத்துலதான் இருந்துச்சு.”