லவஸ்தீதா வீட்டுக் கொக்கு

லவஸ்தீதா குடும்பத்தில் இரண்டு நீதிபதிகள் உண்டு, ஒரு பாதிரியார் உண்டு. பறவை எதுவும் கிடையாது. இதைச் சொல்லத்தான் டொன் எவாரிஸ்தோ கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக மத்தான்சாஸ் நகரப் பூங்காவுக்குப் புறப்பட்டார்.

தம்பி நிக்கனோருக்கான ஒன்பதாம் நாள் ஜெபம் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. பேஸ்பாலில் பந்தெறிய அவனைப் போல் இன்னொருவன் இந்த ஊரில் பிறக்கவில்லை. ஆட்டத்தை விட்டு எத்தனையோ வருடம் கழிந்தும், அவனைத் தெருவில் கண்டால் பஸ் நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் போகும். அதெல்லாம் பெருமைதான். ஆனால் ரசிகர்கள் அவன் நினைவாகப் பூங்கா மூலையில் ஒரு பலகை மாட்டப்போகிறார்களாம். அதில் எழுதப்போகும் பெயர் 'நொண்டிக் கொக்கு'. ஒற்றைக் காலைத் தூக்கி நின்று பந்தெறிந்ததற்காக அவர்கள் வைத்த பட்டம். உயிரோடு இருந்தவரை கூப்பிட்டது போகட்டும். செத்த பிறகு, ஊரே பார்க்க, எழுத்திலுமா?

பேஸ்பாலைப் பற்றிச் சண்டை போடுவதற்கென்றே இருக்கிற மூலை அது. அங்கே யாரும் பேசுவதில்லை; மூக்கோடு மூக்கு முட்டக் கத்துவார்கள். புதிதாக வந்தவன் கொலை விழப்போகிறது என்று நினைப்பான். டொன் எவாரிஸ்தோவைக் கண்டதும் வழிவிட்டார்கள். மரத்தில் சாய்த்த பலகையில் 'நொண்டி' ஏற்கெனவே சிவப்பில் மின்னியது. தூரிகையோடு குந்தியிருந்தவள் ரொட்டிக் கடை செனாய்தா.

"நிறுத்தும்மா. எங்க வீட்டுப் பையனுக்குப் பேர் இருக்கு. நிக்கனோர் லவஸ்தீதா."

"அப்படி எழுதினா யாருக்குய்யா தெரியும்? யாரோ பல் டாக்டர்னு நெனச்சு வாயத் தொறந்துக்கிட்டு வந்து நிப்பானுங்க!"

மூலையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பஸ் ஓட்டுநர் ரெய்னேரியோ முன்னே வந்தான். "கோவப்படாதீங்க டொன். நீங்க அண்ணன், வேண்டாம்னா இப்பவே அழிச்சிடறோம். ஆனா அது கேலி இல்ல. ஹவானாக்காரனுங்க இங்க வந்து வாலச் சுருட்டிக்கிட்டுப் போன அன்னிக்கு அவர் எப்படிப் போட்டார் தெரியுமா? இப்படி!"

தொந்தி குலுங்கக் காலைத் தூக்கினான். தூக்கிய வேகத்தில் கையை வீசினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

பட்டப்பெயரையாவது பொறுக்கலாம், இந்தத் தப்பான வீச்சை டொன் எவாரிஸ்தோவால் பொறுக்க முடியவில்லை.

"என்னடா இது? நாய் செவுத்தக் கண்ட மாதிரி!"

"ஓ!" என்றது கூட்டம்.

ரெய்னேரியோவுக்கு முகம் சிவந்தது. "நீங்க மைதானத்துப் பக்கமே வந்ததில்ல. தம்பி பந்தெறியறது உங்களுக்கு அவமானம்னு ஊரே சொல்லுது. உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஊருக்கு என்ன தெரியும்? கடைசி வரிசையில, தூணுக்குப் பின்னாடி உக்காந்திருப்பேன். பத்திர ஆபீஸ் அதிகாரியா இருந்துக்கிட்டு நாலு பேர் முன்னாடி கத்தக் கூடாதேன்னு வாயில கைக்குட்டைய வச்சுக்கிட்டுப் பாப்பேன். ஒரு ஆட்டம் விட்டதில்ல. இதப் பிடி."

தொப்பி செனாய்தாவின் கைக்குப் போனது. அவர் காலைத் தூக்கினார். முழங்கால் மார்பைத் தொடப் பார்த்தது. அப்படியே நின்றார்.

"இங்க நிப்பான். மட்டைக்காரன் கண் சிமிட்டற வரைக்கும் நிப்பான். சிமிட்டினானா, அப்பத்தான் பந்து கைய விட்டுப் போகும். நொண்டியால இப்படி நிக்க முடியுமா? சொல்லுங்கடா!"

கீழே இருந்த முழங்கால் உயிர் போக வலித்தது. இந்த லவஸ்தீதா அசையவில்லை.

செனாய்தா துணியை எடுத்து 'நொண்டி'யை அழுத்தித் துடைத்தாள். "இது தப்புதான்யா. கொக்கு?"

ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கொக்கை மறுப்பது கடினம் என்று அவருக்கே தெரிந்தது.

"இருக்கட்டும். ஆனா முன்னாடி லவஸ்தீதான்னு போடு. பெரிசா."

"காலக் கீழ விடுங்க டொன், விழுந்துடப் போறீங்க," என்று ரெய்னேரியோ தோளைக் கொடுத்தான். அவர் அதைத் தொடவில்லை. அவன் விடவில்லை. "ஆனா ஒண்ணு. உங்க தம்பிகூட இவ்வளவு நேரம் நின்னதில்ல."

"நின்னான்!" என்று டொன் எவாரிஸ்தோ கத்தினார். காலை இறக்கிவிட்டு, ரெய்னேரியோவின் மூக்குக்கு நேரே போய், தேவாலயப் படிவரை கேட்கும்படி இன்னொரு முறை கத்தினார். "இதுக்கு மேலயும் நின்னான்!"