வாயில் வராத பெயர்

சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் பாஸ்போர்ட் என்று ஓர் அடையாளச் சீட்டு தருகிறார்கள், அதற்கு ருஷ்யர்களைப் போல ஒரு குடும்பப் பெயர் வேண்டும் என்றதும் சைகால் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கிர்கிஸ்காரனுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயருக்குப் பின்னால் 'ஒவ்' என்றோ 'எவ்' என்றோ ஒரு வாலை ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்றார்கள். சொல்வதற்கென்ன, சுலபம்தான்.

அவள் கணவன் எஸென்குலின் தகப்பன் மம்பெதாலியை அந்த மலையோரம் முழுக்க எல்லாருக்கும் தெரியும். மலை கொள்ளாத ஆடுகள் வைத்திருந்தவர். பணக்காரன் என்று ஆடுகளைப் பறித்துக்கொண்டு அவரை வடக்கே முகாமுக்கு ரயிலேற்றிய புது ஆட்சிக்காரர்கள், தப்பி ஓடிய மகனை இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"எங்கப்பா சத்தார், கூலிக்கு ஆடு மேய்ச்சவரு. நான் சத்தாரோவ். புரிஞ்சுதா?" என்று எஸென்குல் அவளுக்குப் பாடம் சொன்னான். "திக்காம சொல்லணும். திக்கினியோ, என் கதை முடிஞ்சுது."

மாவு பிசையும்போதுகூடச் சைகால் அந்தப் பெயரையே சொல்லிப் பார்த்தாள்.

அலுவலகத்தில் எஸென்குலை விசாரித்து வெளியே நிறுத்திவிட்டு, அவளைத் தனியாகக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு ருஷ்ய எழுத்தர். பக்கத்தில் மொழிபெயர்க்க துர்துபெக், அவர்கள் இனத்தான்தான். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அண்ணி, உங்க மாமனார் பேரு என்ன?"

"சத்தார்," என்றாள் பட்டென்று.

எழுத்தர் தலையாட்டி எழுதினார். சைகாலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அடேயப்பா!" என்று சிரித்தான் துர்துபெக். "எங்கம்மா சாகிற வரைக்கும் எங்க தாத்தா பேரை வாயால சொன்னதில்ல. 'பெரியவர்'னுதான் சொல்லுவா. நீங்க என்னடான்னா ஆட்டுக்குட்டியக் கூப்பிடற மாதிரி கூப்பிடறீங்க."

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. எந்த மருமகள் மாமனார் பெயரைச் சொல்வாள்? திக்கக் கூடாது என்ற பயத்தில் இருவருமே அதை மறந்து தொலைத்திருந்தார்கள்.

"இப்ப புதுக் காலம் தம்பி. அந்தப் பழக்கமெல்லாம் யாரு பாக்கறா?"

"அதுவும் சரிதான். அப்ப இன்னொரு பேரைச் சொல்லுங்க, விட்டுடறேன். மம்பெதாலி. அவரு உங்களுக்கு யாரோதானே?"

ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் புருஷன் பிழைப்பான். சொல்லிடு, சொல்லிடு என்று மனசு அடித்துக்கொண்டது. 'ம' என்று சேர்ந்த உதடுகள் பிரியவில்லை. மாமனார் கூடாரத்துக்குள் வரும்போதெல்லாம் செய்ததைப் போல, கை தானாக எழுந்து முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டது. தலையும் குனிந்துவிட்டது.

துர்துபெக் எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

"மம்பெதாலி மகனே, உள்ள வா."